பாடு: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

எங்கள் தொழிலும் எங்கள் விசுவாசமும் ஒரே சொல்லில் அடங்கும். அந்தச் சொல் பாடு. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன முறையில் வலை கட்டும் உரிமைக்குப் பாடு என்று பெயர். சிலுவையில் கிறிஸ்து சுமந்ததற்கும் பாடு என்றே பெயர். முன்னதை ஊர்க் கூட்டத்தில் பிரித்துக்கொண்டோம். பின்னதைத் தவக்காலத்தில் பாடி முடித்துக்கொண்டோம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அவற்றை முகமுகமாக நிறுத்தவே இந்த இயக்கம் பிறக்கிறது.

கோட்டைக்குப்பத்திலும் நடூர் மாதா குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் வாழ்கிறவர்கள் நாங்கள். வலை கட்டுகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், என்ஜின் பழுது பார்க்கிறவர்கள். எங்களில் சிலர் பூசைக்குப் போகிறோம், சிலர் ஆராதனைக்குப் போகிறோம். சிலர் நற்செய்தி என்போம், சிலர் சுவிசேஷம் என்போம். ஊழியத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர் எங்களில் ஒருவரும் இல்லை. எங்கள் இயக்கத்துக்குப் பெயர்ப்பலகையும் இல்லை.

பழைய ஊழிய முறையின் தோல்வி எங்கள் கரையிலேயே கல்லாய்க் கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்குள் வேதம் வாசிக்கப்பட்டது. கோட்டைக்கு வெளியே, பஞ்சத்தில் விலைபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கு அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டார்கள். வேதம் வாசித்தவருக்குச் சம்பளம் கொடுத்ததும், அடிமையை விலை பேசியதும் ஒரே டச்சுக் கம்பெனி. இன்று அந்தக் கோட்டை புதர்மேடு. மிஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகளைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள்.

அந்தக் கோட்டையிலும் ஒரு மனிதர் இருந்தார். 1632 முதல் 1642 வரை இங்கே போதகராயிருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து இந்த மண்ணின் வழிபாட்டையும் வாழ்க்கையையும் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு, 1651-ல் லெய்டன் நகரில் அது நூலாக வந்தது. பர்த்ருஹரியின் வாசகங்கள் அதன் வழியே ஐரோப்பாவுக்குப் போயின. பேச வந்த இடத்தில் பத்தாண்டு கேட்டவர் அவர். கேட்கும் காதை அவரிடமிருந்து பெற்றுக்கொள்கிறோம். கோட்டைச் சுவரைக் காலத்திடமே விட்டுவிடுகிறோம்.

கோட்டைக்குப் பின் மேடை வந்தது. மேடையோடு ஒலிபெருக்கி வந்தது, ஒலிபெருக்கியோடு கணக்குப் புத்தகம் வந்தது: இத்தனை கூட்டம், இத்தனை ஆத்துமாக்கள், இத்தனை ஞானஸ்நானம். சனிக்கிழமை இரவு மேடையில் சொன்னதைத் திங்கட்கிழமை காலையில் தராசு மறுத்தது. ஊர் மேடையை நம்பவில்லை, தராசையே நம்பியது. ஊரின் அந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

ஆகவே அறிவிக்கிறோம்: சாட்சி என்பது வாழ்வின் ஒரு நிகழ்ச்சியன்று, வாழ்வின் நடை. அதற்குத் தனி நாள் கிடையாது, தனி ஆள் கிடையாது. இறாலை எடை போடும்போது ஐஸ் தண்ணீர் முழுதும் வடியும்வரை கூடையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கை சாட்சி. கண்ணி சிறுத்த வலையை ஏரியில் இறக்க மறுக்கும் மனம் சாட்சி. முகத்துவாரத்தில் என்ஜின் நின்றுபோன படகு யாருடையது என்று கேட்காமல் கயிறு வீசுவது சாட்சி. ‘ஏன் இப்படிச் செய்கிறாய்’ என்று ஒருவர் கேட்கும் நாளில், வெட்கமும் வீராப்பும் இல்லாமல் இயேசுவின் பெயரைச் சொல்வதும் சாட்சி. செயல் இல்லாத சொல்லை விடுகிறோம். சொல்லத் துணியாத செயலையும் விடுகிறோம். நல்லவனாய் மட்டும் இருந்துவிட்டு, யாரால் நல்லவனானேன் என்பதை மறைப்பது நன்றிகெட்டதனம்.

இதை நாங்கள் ஒரு கரையிலிருந்துதான் கற்றோம். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாதிருந்தவர்களுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். பேதுருவிடம் கேட்க வேண்டிய கடுமையான கேள்வி அவரிடம் இருந்தது. சாப்பாடு முடியும்வரை அதைக் கேட்கவில்லை. வெறும் வலையோடு கரையேறுகிறவனின் களைப்பு எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்; அதனாலேயே அந்த நெருப்பின் அருமையும் தெரியும்.

பசியை விலையாக்கும் ஊழியத்தை மறுக்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு வந்த பல கைகள் பரிசுத்தமான கைகள். சில கைகள் மட்டும் அரிசிப் பையோடு கைப்பிரதியையும் சேர்த்து நீட்டின. வாங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் படமும் எடுத்தன. பிணம் எடுத்த வாரத்தில் எடுத்த படங்கள் அவை. அந்த வரிசையில் நின்றவர்கள் எங்களிலும் உண்டு. இனி எங்கள் கையிலிருந்து போகும் எந்த அரிசிக்கும் நிபந்தனை கிடையாது, எந்த உதவிக்கும் படம் கிடையாது.

பிறர் வணங்குவதைப் பழிக்கும் நாவையும் மறுக்கிறோம். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் மகிமை மாதா ஆலயமும் ஒரே ஊரின் காற்றை வாங்குகின்றன. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். தெற்கே துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும். நடுவே மணல் மூடும் முகத்துவாரம். வாய் அடைபட்டால் கடல்நீர் ஏறாது, கடல்நீர் ஏறாவிட்டால் இறால் குஞ்சு வராது, மூன்று வீட்டு அடுப்பும் ஒன்றாய் அணையும். ஏரிக்காக ஊர் திரளும் நாளில் முன்வரிசையில் நிற்பதும், அங்கே எங்கள் கொடியை நீட்டாதிருப்பதும் எங்கள் நெறி.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்தது. பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு அதில் இழப்பில்லை. மனிதனை மாற்றும் வேலை தேவனுடையது. மாறிய மனிதனாய் நடமாடும் வேலை எங்களுடையது.

இனி எங்கள் வீட்டுக்குள் வருகிறோம். பாடு முறையைப் பாரம்பரியம் என்று போற்றுகிறார்கள். சண்டையில்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ளக் கற்றுத்தந்த ஞானம் அதில் உண்டு. ஆனால் பாடு தலைக்கட்டுக்கு உரியது. தலைக்கட்டு சாதிக்கு உரியது. கோயிலுக்குப் போகிறவரும் ஆலயத்துக்குப் போகிறவரும் இதில் ஒன்றுபட்டே நின்றோம். பாடு இல்லாத இருளர் பெண் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் துழாவி, ஒவ்வொரு இறாலாய்ப் பிடிக்கிறாள். பிடித்ததைப் போட, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். பறியைக் கடித்த வாயால் அவளால் பேச முடியாது. கரையேறி அதை இறக்கிவைத்த நேரத்தில் கேட்க நாங்கள் நின்றதில்லை. கிறிஸ்துவின் பாடுகளைப் பாடிய நாங்கள், ஏரியின் பாட்டில் அவளுக்கு ஒரு முழம் தண்ணீர் ஒதுக்கவில்லை. எவ்வளவு பெரிய கூட்டம் போட்டாலும் அவளிடம் எங்கள் நற்செய்தி பொய். இந்தப் பாவத்தை அறிக்கையிடாமல் எங்கள் இயக்கத்துக்குத் தொடக்கமில்லை.

காலம் எங்கள் பக்கம் நிற்கிறது. நற்செய்தி கலிலேயாவில் ஓர் ஏரிக்கரையில், வலை அலசிக்கொண்டிருந்தவர்களிடம் தொடங்கியது. இடையில் அது அரண்மனைக்குப் போனது, கோட்டைக்குப் போனது, மேடைக்குப் போனது. இப்போது ஏரிக்குத் திரும்புகிறது. ரோம் விழுந்தது, எழவில்லை. கெல்ட்ரியா விழுந்தது, எழவில்லை. வலை ஒவ்வொரு இரவும் விழுகிறது, ஒவ்வொரு விடியலும் எழுகிறது.

எங்கள் முதல் செயல் இது. ஊர்க் கூட்டம் அடுத்த முறை பாடு பிரிக்கும்போது, எங்கள் தலைக்கட்டுகளுக்கு விழும் முதல் இரவை எங்களுக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டோம். வலை எங்களுடையது, படகு எங்களுடையது, டீசல் எங்களுடையது. அன்று விழும் இறாலில் ஒன்றையும் தரகருக்குக் காட்டுவதற்கு முன்பு, பறியோடு வரும் பெண்கள் துறையில் நின்று எடை பார்ப்பார்கள். தராசை அவர்கள் பிடிப்பார்கள்.