பட்டறைத் தொழிலாளிக்குக் கையுறை எங்கே?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பட்டறைகளுக்குக் கைமாறிய பழைய பாட்டரி கார்களும் வரும் காலம் இது. வண்டி கிளம்பாது, இன்சுலேஷன் கோளாறு என்று திரை எச்சரிக்கும். பாட்டரியையே மாற்று என்றால் லட்சக்கணக்கில் செலவு. குற்றம் பாட்டரியில்தானா? இரு பருவமழையும் பெய்யும் நம் ஜில்லாவில், ஓர் இணைப்பில் புகுந்த ஈரமும், ஏ.சி. கம்ப்ரஸரில் ஏற்பட்ட மின்கசிவும் இதே எச்சரிக்கையைத்தான் காட்டும்.

மில் மோட்டாரை மெகர் வைத்துச் சோதிக்கும் தோழருக்கு இது புரியாத வித்தையல்ல. சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, குறித்த நேரம் காத்திருந்து, அழுத்தம் அடங்கியதை மீட்டரில் உறுதி செய்து, கம்ப்ரஸர், ஹீட்டர், சார்ஜர் என ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்க வேண்டும். 400 வோல்ட் வண்டியில் 40,000 ஓமுக்குக் கீழே இறங்கினால் அபாயம். பிளக்கைக் கழற்றினாலும் பாட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையின்றி ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடச் சொல்வது தொழிலாளியைப் பலி கேட்பதாகும்.

கையுறைக்கும் மெகருக்கும் பட்டறை முதலாளியே பணம் தர வேண்டும். சோதனைக் கருவியையும் வயரிங் படத்தையும் பூட்டி வைத்திருப்பவர்கள் யார்? கார் கம்பெனிகள்! வெளிப் பட்டறைகளுக்கு உதிரி பாகங்களையும் கருவிகளையும் மறுத்ததற்காக 2014ல் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022ல் மத்திய சர்க்கார் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி போட்டால் போதுமா? வயரிங் படம் பட்டறைக்கு வர வேண்டும். கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் பட்டறைத் தொழிலாளருக்கு, கூலி பிடிக்காமல், உயர் அழுத்த மின்சாரப் பயிற்சி நடத்த வேண்டும் என்று கோருகிறோம்.