காற்றின் கதவைத் திறந்து பார்க்கலாமா?

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் கார்களுக்குப் பஞ்சமில்லை. அலெக்சாண்ட்ரா சாலையிலும் அதை ஒட்டிய லெங் கீ சாலையிலும் புதிய கார்களின் காட்சிக்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. சற்றுத் தள்ளி, அலெக்சாண்ட்ரா வில்லேஜ் பகுதியில் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் இயங்குகின்றன. இவ்வளவு அருகில் எல்லாம் கிடைக்கும்போது, சிறு கோளாறு ஏற்பட்டாலும் காரைப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே இயல்பாகிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால், காரின் முன்மூடியைத் திறந்து ஒருமுறைகூட உள்ளே பார்க்காமலேயே அதைப் பல ஆண்டுகள் ஓட்டி முடித்துவிடுவது சரிதானா?

சிங்கப்பூரில் கார் விலையுயர்ந்த பொருள். 1990ஆம் ஆண்டில் அறிமுகமான வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று உரிமையாளர் அஞ்சுவது புரிகிறது. அந்த அச்சத்தில் பாதி நியாயமானது. மறுபாதி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருவது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒரு காரின் எஞ்சின் சீராக ஓடாமல் நடுங்குகிறது. விளக்குப் பச்சையானதும் மிதியை அழுத்தினால், கார் சற்றுத் தயங்கிவிட்டே கிளம்புகிறது. பெட்ரோலும் வழக்கத்தைவிட விரைவில் தீர்கிறது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் எளிமையான ஒன்று, எஞ்சின் மூச்சு விடும் பாதையில் படிந்த அழுக்கு.

மிதியை அழுத்தினால் பெட்ரோல் பாய்கிறது என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில், பெட்ரோல் காரில் அந்த மிதி திறப்பது காற்றின் கதவை! ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எஞ்சின் சுமார் 9,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. ஒரு சிறிய குளியலறையை நிரப்பும் அளவு அது. அந்தக் காற்று முதலில் வடிகட்டியைக் கடக்கிறது. அடுத்து, காற்றோட்ட உணர்கருவியைத் தொட்டுச் செல்கிறது. அதன்பின், ‘திராட்டில் பாடி’ எனப்படும் உலோகக் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே ஒரு வட்டத் தகடு வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல் திரும்பித் திறந்து மூடுகிறது. அதுதான் கதவு.

வடிகட்டி இருந்தும் அழுக்கு எப்படிச் சேர்கிறது? பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. எஞ்சினுக்குள் உருவாகும் எண்ணெய் ஆவி வெளிக்காற்றில் கலந்து மாசுபடுத்தாமலிருக்க, அதை மீண்டும் காற்றுப் பாதைக்கே திருப்பிவிடுகிறார்கள். அந்த ஆவி தகட்டின் விளிம்பில் கரியாகப் படிகிறது. கார் நிற்கும்போது தகட்டைச் சுற்றி மிக மெல்லிய இடைவெளி வழியாகவே காற்று நுழைகிறது. மெல்லிய படலம்கூட அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

உணர்கருவியின் கதை வேறு. மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட மிக நுண்ணிய கம்பி அல்லது படலம் அதற்குள் இருக்கிறது. கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கிறது. அதே வெப்பநிலையில் அதை வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு, காரின் கணினி காற்றின் அளவை அறிந்து, அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து விடுகிறது. கம்பியின் மீது தூசு படிந்தால் கணக்குப் பிசகும். எல்லாக் கார்களிலும் இந்தக் கருவி இருக்காது. சிலவற்றில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவியே இருக்கும்.

இரண்டிலும் படிவது அழுக்குத்தான். ஆனால், இரண்டையும் ஒரே மாதிரி சுத்தம் செய்ய முடியாது. தகட்டையும் குழாயின் உட்புறத்தையும் அதற்குரிய தெளிப்பானால் நனைத்த மென்துணியால் துடைக்கலாம். உணர்கருவியின் கம்பியைத் துணியாலோ விரலாலோ பஞ்சாலோ தொடவே கூடாது. அதற்கென்றே விற்கப்படும் தெளிப்பானைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பலமுறை தெளித்து, தானாக உலரவிட வேண்டும். ஊதிக் காயவைப்பதும் தவறு. தகட்டுக்கு வாங்கிய தெளிப்பானையே சிக்கனம் கருதி உணர்கருவிக்கும் பயன்படுத்தினால், சில நூறு வெள்ளி செலவு வந்து சேரலாம். மின்னியல் முறையில் இயங்கும் தகட்டை விரலால் வலிந்து திறப்பதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சிறிய பற்சக்கரங்கள் பழுதாகக்கூடும். சில தகடுகளில் நிறுவனமே பூசியிருக்கும் மேற்பூச்சைக் கரி என்று எண்ணிச் சுரண்டிவிடுபவர்களும் உண்டு. எனவே, திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பு, காருடன் வந்த கையேட்டை எடுப்பதே முறை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். அந்தத் தெளிப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை.

“இதையெல்லாம் பட்டறையிலேயே செய்துவிடலாமே! அவர்களும் பிழைக்க வேண்டாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கழற்றத் தயங்குபவர் பட்டறைக்கே செல்லட்டும். ஆனால், விவரம் அறிந்தவர் அங்கே சென்று நிற்பதும் அறியாதவர் சென்று நிற்பதும் ஒன்றல்ல. “உணர்கருவியை மாற்ற வேண்டும்” என்று சொல்லப்படும்போது, “முதலில் சுத்தம் செய்து பார்க்கலாமா?” என்று கேட்க முந்தையவரால் முடியும். திறமையான தொழிலாளி அந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபப்படமாட்டார். தம் வேலையின் நுட்பத்தை ஒருவர் புரிந்துகொள்கிறார் என்று மகிழவே செய்வார்.

அதேபோல, தெரியும் என்பதற்காக எல்லாவற்றிலும் கைவைப்பது துணிச்சல் அன்று. பிரேக், காற்றுப்பை, ஹைபிரிட் காரின் உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகியவை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை. அவற்றில் நேரும் பிழைக்கு உரிமையாளர் மட்டுமே விலை கொடுப்பதில்லை. சாலையைக் கடக்கும் வழிப்போக்கரும் கொடுக்க நேரிடும்.

சிங்கப்பூரில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. இங்கே ‘வீட்டில் செய்வது’ என்றால், பெரும்பாலோருக்கு அடுக்குமாடிக்குக் கீழே உள்ள வாகன நிறுத்துமிடத்தில் செய்வதுதான். அது பலரும் புழங்கும் பொது இடம். குவீன்ஸ்டவுன் பகுதியில் பெய்யும் மழைநீரைச் சுமந்து செல்லும் அலெக்சாண்ட்ரா கால்வாய் சிங்கப்பூர் ஆற்றில் சேர்கிறது. ஆறு மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டுதான் அந்த நீரைத் தேக்கி வைக்கிறது. ஐந்து நிமிட வேலைக்குப் பிறகு கரி படிந்த நீர்மத்தை வடிகாலில் ஊற்றுபவர், குடிநீராகும் தண்ணீரில்தான் அதை ஊற்றுகிறார். வழியும் நீர்மத்தைத் தடித்த துணியில் ஏந்தி, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த முடியாதவர் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே நல்லது.

2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் இயங்குபவையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். அப்படியானால், மறையப்போகும் ஒரு தகட்டைப் பற்றி மாணவர்கள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்? அனுமதிக்கப்படும் வகைகளில் ஹைபிரிட் கார்களும் அடங்கும். அவற்றிலும் பெட்ரோல் எஞ்சினும் காற்றின் கதவும் உண்டு. முழு மின்சாரக் காரில் அந்தக் கதவு இருக்காது. ஆயினும், அதன் கையேட்டிலும் சக்கரங்களின் காற்றழுத்தம், கண்ணாடித் துடைப்பான், பயணிகள் பகுதியின் காற்று வடிகட்டி என்று உரிமையாளர் தம் கையாலேயே கவனித்துக்கொள்ளக்கூடிய வேலைகளுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அடுத்த சில பக்கங்களில், தொடவே கூடாதவை எவை என்பதும் எழுதப்பட்டிருக்கும்.