பச்சைக் கொடியும் முந்நூறு டாலரும்

டப்ளினில் அயர்லாந்து நாடாளுமன்றம் கூடும் கட்டடத்துக்கு லென்ஸ்டர் ஹவுஸ் என்று பெயர். அங்கே ஒரு பழைய பச்சைக் கொடி இருக்கிறது. 1963 ஜூனில் அமெரிக்க அதிபர் கென்னடி அயர்லாந்துக்குப் போனபோது பரிசாகக் கொடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்கு மாநிலங்களின் பக்கம் நின்று சண்டையிட்ட 69ஆம் நியூயார்க் ரெஜிமெண்டின் கொடி அது. அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்தில் இருந்து பிழைக்கப் போனவர்கள். கொடியைக் கொடுத்த கென்னடி, ஃப்ரெடரிக்ஸ்பர்க் போரைப் பற்றியும் பேசினார்.

ஐரிஷ் சிப்பாய்களைப் பற்றி யார் பேசினாலும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில்தான் ஆரம்பிப்பார்கள். பாதிப் பேர் அங்கேயே முடித்தும் விடுவார்கள். அதுதான் சிக்கல். 1862 டிசம்பரில் அங்கே நடந்ததை, ஏழே மாதம் கழித்து 1863 ஜூலையில் நியூயார்க் தெருக்களில் நடந்ததோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரைக் கதை. அரைக் கதை சில சமயம் முழுப் பொய்யை விட மோசம்!

முதலில் இவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பல் ஏறினார்கள். 1860 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் சுமார் 16 லட்சம்.

அமெரிக்கா இவர்களை ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. கத்தோலிக்கர்கள், குடிகாரர்கள், போப்பாண்டவரின் ஏவலாட்கள் என்றெல்லாம் பட்டம் கட்டியது. 1850களில் குடியேறிகளுக்கு எதிராகவே ஒரு கட்சி கிளம்பி, பல மாநிலங்களில் தேர்தலிலும் ஜெயித்தது. 'ஒன்றும் தெரியாது' கட்சி என்று அதற்குப் பெயர் (ரகசியச் சங்கமாக இருந்தபோது யார் கேட்டாலும் உறுப்பினர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்களாம்). அந்தக் கட்சியின் ஹென்றி கார்ட்னர் மாசசூசெட்ஸ் கவர்னராக வந்தவுடன் 1855இல் செய்த காரியங்களில் ஒன்று, மாநிலத்தின் ஐரிஷ் தொண்டர் படைகளைக் கலைத்தது. இவர்கள் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்தாம். ஆறே வருடம். 1861இல் போர் வந்தது. அதே மாசசூசெட்ஸ் ஐரிஷ்காரர்களைக் கூப்பிட்டுத் தனி ரெஜிமெண்ட் அமைத்து, கையில் துப்பாக்கியையும் கொடுத்தது!

நியூயார்க்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. 69ஆம் ரெஜிமெண்டின் கர்னல் மைக்கேல் கோர்கரன். 1860இல் பிரிட்டிஷ் இளவரசர் நியூயார்க்குக்கு வந்தபோது, அவருக்கு மரியாதை அணிவகுப்பு நடத்த முடியாது என்று மறுத்துவிட்டார். பஞ்சத்தில் தன் ஜனங்களைச் சாகவிட்ட அரசின் வாரிசுக்கு எதற்கு சல்யூட்? அவர் மேல் ராணுவ விசாரணை வைத்தார்கள். விசாரணை முடிவதற்குள் போர் வந்துவிட்டது. ஆள் வேண்டும் என்றதும் வழக்கு காணாமல் போனது.

வடக்கின் படையில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சேரவில்லை. சிலருக்கு அமெரிக்கா மேல் உண்மையான பற்று. சிலருக்கு, இங்கே சண்டை கற்றுக்கொண்டு நாளை அயர்லாந்தில் பிரிட்டனை அடிக்கலாம் என்ற கணக்கு. கௌரவமாக விடுவிக்கப்பட்ட சிப்பாய் ஓராண்டு வசித்திருந்தாலே குடியுரிமை கேட்கலாம் என்று 1862 ஜூலையில் சட்டமும் வந்தது. நிறையப் பேருக்குக் காரணம் இதைவிட எளிது. மாதம் 13 டாலர் சம்பளம், சேரும்போது தனியாகப் பணம். வேலை இல்லாதவன் வீட்டில் அடுப்பு எரியும். வீரவரலாறு எழுதுபவர்கள் இந்த 13 டாலரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

'ஐரிஷ் பிரிகேட்' என்ற படையைத் திரட்டியவர் தாமஸ் ஃப்ரான்சிஸ் மாகர். 1848 கலகத்துக்காகப் பிரிட்டன் மரண தண்டனை விதித்து, பிறகு அதைக் குறைத்துத் தாஸ்மானியாவுக்கு நாடு கடத்திய ஆள். அங்கிருந்து தப்பி 1852இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். இன்றைய அயர்லாந்தின் மூவர்ணக் கொடியை முதலில் ஏற்றியவரும் இவர்தான். வாயைத் திறந்தால் கூட்டம் சொக்கிப் போகும். இந்தப் படை 1862 செப்டம்பர் 17இல் ஆன்டீட்டம் போரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலியாகவும் காயமாகவும் இழந்தது. மூன்றே மாதத்தில் ஃப்ரெடரிக்ஸ்பர்க்.

1862 டிசம்பர் 13. ஊருக்கு வெளியே வெட்டவெளி, அதன் முடிவில் ஒரு குன்று. குன்றின் அடியில் கல்சுவர், சுவருக்குப் பின்னால் தென்மாநிலத் துப்பாக்கிகள். ரெஜிமெண்டுகளின் கிழிந்த பச்சைக் கொடிகளை மாற்றுவதற்காக ஊருக்கு அனுப்பியிருந்ததால், அடையாளத்துக்குச் சிப்பாய்கள் தொப்பியில் பசுந்தழையைச் செருகிக்கொண்டார்கள். முன்னால் போன படைகள் வெட்டவெளியில் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். சுமார் 1,200 பேர் போனதில் 545 பேர் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். அன்று அந்தச் சுவரை வடக்கின் எந்தப் படையும் தொடவில்லை.

சுவருக்குப் பின்னால் இருந்த ஜார்ஜியா படையின் கர்னல் ராபர்ட் மக்மில்லனும் அயர்லாந்தில் பிறந்தவர். ஐரிஷ்காரனை ஐரிஷ்காரனே சுட்டான் என்று சினிமா மாதிரி இதை ஊதிப் பெரிதாக்குவார்கள். அவர் ரெஜிமெண்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஜார்ஜியா உள்ளூர்க்காரர்கள். கண்ணீர் வரவழைக்க இந்த மசாலா தேவையே இல்லை, 545 என்ற எண்ணே போதும்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். இனிமேல்தான் குரல் கம்மும்.

ஆன்டீட்டம் முடிந்த ஐந்தாம் நாள், கிளர்ச்சி செய்யும் மாநிலங்களின் அடிமைகளை விடுதலை செய்யப் போவதாக லிங்கன் அறிவித்தார். 1863 ஜனவரி 1இல் அது அமலுக்கு வந்தது. 'ஒன்றியத்தைக் காப்பாற்ற' என்று சேர்ந்த போர், அடிமைமுறையை ஒழிக்கும் போராகவும் மாறியது. ஐரிஷ் குடியேறிகளில் மிகப் பலருக்கு இது பிடிக்கவில்லை. நியூயார்க் பேராயர் ஜான் ஹியூஸ் 1861லேயே, அடிமை ஒழிப்புக்காக என்றால் கத்தோலிக்கர்கள் மனமொப்பிப் போரிட மாட்டார்கள் என்ற பொருளில் அரசுக்கு எழுதியிருந்தார்.

அவர்களுக்கு விஷயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அயர்லாந்தின் மாபெரும் தலைவர் டேனியல் ஓ'கானல் அடிமைமுறையின் பரம எதிரி. அமெரிக்காவில் உள்ள ஐரிஷ்காரர்கள் அடிமை ஒழிப்பாளர்களோடு சேர வேண்டும் என்று அயர்லாந்தில் அறுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட வேண்டுகோளில் அவர் பெயரும் இருந்தது. அது 1842இல் பாஸ்டனில் படிக்கப்பட்டது. அமெரிக்க ஐரிஷ் தலைவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். புது நாட்டில் கடைசிப் படிக்கு ஒரு படி மேலே நிற்பவனுக்கு, கடைசிப் படியில் இருப்பவன் மேலே வருவதுதான் பெரிய பயம்.

1863 மார்ச்சில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. குலுக்கலில் பெயர் விழுந்தால் போக வேண்டும். ஆனால் 300 டாலர் கட்டினால் போக வேண்டாம்! கூலிக்காரனுக்கு 300 டாலர் என்பது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பாத்தியம். பணக்காரன் சண்டை, ஏழையின் பிணம் என்று ஜனங்கள் கொதித்ததில் ஒரு தப்பும் இல்லை. துறைமுகத்தில் ஐரிஷ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கறுப்பர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கிய முதலாளிகளும் தங்கள் பங்குக்கு எண்ணெய் ஊற்றினார்கள்.

ஜூலை 13 அன்று குலுக்கல் அலுவலகத்தில் வைத்த தீ நான்கு நாள் நகரம் முழுக்கப் பரவியது. பணக்காரர்களின் சில வீடுகளும் சூறையாடப்பட்டன, உண்மை. ஆனால் கோபம் சீக்கிரமே சுலபமான இலக்கைத் தேடிக்கொண்டது. ஐந்தாவது அவென்யூவில் இருந்த கறுப்பினக் குழந்தைகள் அநாதை இல்லத்தை எரித்தார்கள். உள்ளே இருந்த 233 குழந்தைகள் தப்பியது அதிர்ஷ்டம். குறைந்தது 11 கறுப்பர்களை அடித்தும் விளக்குக் கம்பங்களில் தூக்கிலிட்டும் கொன்றார்கள். மொத்தத்தில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கும்பலில் எல்லோரும் ஐரிஷ்காரர்கள் அல்ல, ஆனால் பெரும்பகுதி அவர்கள்தான். 1860இல் நகரத்தில் சுமார் 12,500 கறுப்பர்கள் இருந்தார்கள். 1865இல் பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. ஊரை விட்டே ஓடிவிட்டார்கள்.

300 டாலர் சட்டம் அநியாயம் என்பது காரணத்தைச் சொல்கிறது. அநாதைக் குழந்தைகளின் கட்டிலுக்குத் தீ வைத்ததை அது நியாயப்படுத்தாது. அந்தக் குழந்தைகளா சட்டம் போட்டார்கள்?

மறுபக்கம், 'ஐரிஷ்காரர்கள் என்றாலே நிறவெறியர்கள்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். அந்த நான்கு நாளும் கும்பலை எதிர்த்து அடிவாங்கிய நியூயார்க் போலீஸில் ஏராளமானோர் ஐரிஷ்காரர்கள். கலவரத்துக்கு 11 நாள் முன்னால், ஜூலை 2 அன்று, கெட்டிஸ்பர்க்கில் சுமார் 530 பேராகச் சுருங்கிப் போயிருந்த ஐரிஷ் பிரிகேட் மறுபடி களத்தில் இறங்கிச் சுமார் 200 பேரை இழந்தது. தெற்கின் படையில் தளபதியாக உயர்ந்த கார்க் மாவட்டத்துக்காரர் பேட்ரிக் க்ளெபர்ன், 1864 ஜனவரியில் அடிமைகளை விடுவித்துப் படையில் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்து அங்கே எல்லோரையும் அலற வைத்தார். (கருணையால் அல்ல, ஆள் பற்றாக்குறையால்.) அவர் யோசனையைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

கலவரம் அடங்கிய இரண்டாம் நாள், ஜூலை 18, 54ஆம் மாசசூசெட்ஸ் என்ற கறுப்பர் படை தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை மேல் பாய்ந்தது. அந்தச் சிப்பாய்களுக்கு அரசு கொடுக்க முன்வந்தது மாதம் 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். அநியாயம் என்று சொல்லி அதை வாங்கவே மறுத்துவிட்டார்கள். ரத்தம் கொடுத்து 'நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான்' என்று காட்டச் சொன்ன அதே பரீட்சையை இவர்களும் எழுதினார்கள், அதைவிடக் குறைந்த கூலிக்கு. ஃப்ரெடரிக்ஸ்பர்க்கைக் கொண்டாடும் மேடைகளில் இந்தப் படைக்கும் ஓர் இடம் கொடுத்தால் ஐரிஷ் வீரம் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பேசியவர் மாகர். அடிமை ஒழிப்பையும் லிங்கனையும் ஆதரித்து, 1864இல் தன் சொந்த ஜனங்களைக் கடுமையாகச் சாடினார். ஐரிஷ் பத்திரிகைகள் திருப்பித் திட்டின, நியூயார்க்கில் அவர் செல்வாக்கு கரைந்தது. போர் முடிந்ததும் மேற்கே மொன்டானாவுக்கு அரசாங்க வேலைக்குப் போனார். 1867 ஜூலை 1 இரவு மிசூரி ஆற்றில் நின்ற நீராவிப் படகில் இருந்து தண்ணீரில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை.