ஒரு காயத்துக்கு எத்தனை நஷ்ட ஈடு?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் தகப்பனார் ஏரித் தண்ணீரில் நெல் பயிரிடுகிறார். மகன் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிறான். பல பேருக்குக் காண்டிராக்ட் வேலைதான். பிரஸ் மிஷினில் விரல் போய்விட்டால் அன்று மாலையே திண்ணைக்கு யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். "இ.எஸ்.ஐ.யில் வாங்கு, லேபர் ஆபீசிலும் மனுப் போடு, கோர்ட்டிலும் ஒரு கேஸ் போடு" என்பார்கள். இதை நம்பிக் கறவை மாட்டை விற்று வக்கீல் பீஸ் கட்டாதீர்கள்.

இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு, வேலையில் பட்ட காயத்துக்கு அந்த ஒரு வழிதான். 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 53-வது பிரிவு மற்ற வழிகளை அடைத்தது. டெலிவிஷன் பழுது பார்க்கையில் ஒரு கண் பார்வையை இழந்தவர் இரண்டாவது நஷ்ட ஈடு கேட்டபோது, 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. முதலாளியின் அஜாக்கிரதை என்று வாதாடியவருக்கும் 1997-ல் அதே பதில்தான். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், தனி நஷ்ட ஈட்டு அத்தியாயம் இ.எஸ்.ஐ. பொருந்தாதவர்களுக்கே.

கிடைப்பது அற்பமல்ல. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத ஊனம், கட்டைவிரலுக்கு 30. தினம் 600 ரூபாய் சம்பளக்காரருக்கு முழு விகிதம் 540. அதில் 14 சதவீதம் சுமார் 75 ரூபாய். மாதம் 2,250 ரூபாய்க்கு மேல், ஆயுள் முழுதும். காண்டிராக்டர் நீட்டும் ஐம்பதாயிரத்தை இதனோடு வைத்துக் கணக்குப் போடுங்கள். அவர் நீட்டும் வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

"உன் பெயரே பதிவாகவில்லை" என்று பயமுறுத்துவார்கள். சட்டப்படி சேர்த்திருக்க வேண்டியவரைச் சேர்க்காமல் விட்டது முதலாளியின் குற்றம். இ.எஸ்.ஐ. பணம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். விபத்து ரிஜிஸ்தரில் அன்றே பதிவாகும்படி வற்புறுத்துங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயரையும் குறித்துக் கொள்ளுங்கள்.

சொந்தப் பணத்தில் கட்டிய விபத்துப் பாலிசி வேறு விஷயம். அதைத் தனியே கேட்கலாம். பாங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமாவில் மரணத்துக்கு 2 லட்சம். ஒரு கையோ காலோ கண்ணோ அடியோடு போனால் 1 லட்சம். ஒரு விரலுக்குக் கிடையாது. ஷிப்டுக்குப் போகும் வழியில் லாரி மோதினாலும், வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பிருந்தால், 2010 முதல் அது வேலைக் காயமே. ஆகவே மோட்டார் கோர்ட்டில் மனுப் போடுமுன் விசாரித்துக் கொள்ளுங்கள்.

ஒரு காயத்துக்கு இரண்டு தரம் பணம் கேட்பது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டிவிட்டால், பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டு மிஷினை ஓட்டச் சொன்ன முதலாளியும் நஷ்ட ஈட்டு வழக்கிலிருந்து தப்பி விடுகிறாரே! அஜாக்கிரதை ருசுவானால் அவர் கையிலிருந்தும் ஒரு பங்கு வாங்கித் தரச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அதுவரை, அடுத்த சம்பள நாளில் மகனுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடித்திருந்தால் இன்சூரன்ஸ் நம்பர் இருக்க வேண்டும். பிடித்தும் நம்பர் தராவிட்டால், காயம் படும்வரை காத்திராமல் இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு எழுதிப் போடுங்கள்.