போத்தலும் வட்டாவும்: வாயையும் பார்ப்போம்

மதுவின் கேடு பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக மூன்றைச் சொல்வோம். பணம் கரைகிறது, வீட்டில் சண்டை வருகிறது, ஈரல் கெடுகிறது. மூன்றும் உண்மை. ஆனால் மது முதலில் படும் இடம் வாய். அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

1990 இலும் பின்னர் 2007 இலும் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் எம்மிடையே பலர். வயலும் மாடும் போன பின், முகாமில் வேலையின்றி இருந்த நாட்களில், தூக்கம் வருவதற்காகக் குடிக்கத் தொடங்கியவர்களை நாம் அறிவோம். அவர்களைப் பழிப்பது எமது நோக்கமன்று. அன்று ஆறுதலாக வந்தது இன்று வாயில் என்ன செய்கிறது என்பதையே சொல்ல விரும்புகிறோம்.

பல்லுக்குக் காவல் உமிழ்நீர். மது வாயை உலரச் செய்கிறது. புளித்த கள்ளில் அமிலமும் உண்டு. குடித்துவிட்டுப் பல் துலக்காமல் படுத்தால் பல்லில் சூத்தை விழும், முரசு வீங்கி இரத்தம் கசியும். பல்வலிக்குச் சாராயத்தை வாயில் அடக்கி வைப்போரும் உண்டு. வலி சற்று மரத்துப் போகலாம். சூத்தை அப்படியே இருக்கும், வாய்த் தோல் வெந்து புண்ணாகும்.

இதைவிடப் பெரியது புற்றுநோய். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988 இல் மதுவையும், 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையும் புற்றுநோய் தருபவை என அறிவித்தது. வந்தவருக்கு வட்டாவில் வெற்றிலை வைப்பது எமது மண்ணின் பண்பு. கேடு வெற்றிலையில் இல்லை. அதனுடன் சேரும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. மது வாயின் மென்தோலை இளக்கி, புகையிலை நஞ்சு உள்ளே இறங்க வழி திறக்கிறது. ஆகவே குடியும் புகையிலையும் சேரும்போது ஆபத்துப் பன்மடங்காகிறது.

தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், கட்டி, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொறுத்திருக்கக் கூடாது. அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. முன்கூட்டிக் கண்டால் குணப்படுத்தலாம்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. 1980களில் மத்திய மாகாணத்தில் பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் கிராம மக்களின் வாயைப் பார்த்தே நோயின் அடையாளங்களைக் கண்டறிந்தார்கள். அங்கு முடிந்தது இங்கும் முடியும்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அங்கே பாதைக்காகக் காத்து நின்ற காலம் போயிற்று. ஆனாலும் ஒரு நாள் கூலியை இழந்து பல் காட்டப் போக எத்தனை பேரால் முடியும்? ஆகவே பல் வைத்தியர் மாதம் ஒருமுறையாவது படுவான்கரைக் கிராமங்களுக்கு வரவேண்டும் என்று எமது கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் எழுத்தில் கேட்க வேண்டும்.

எம் பங்குக்கும் வேலை உண்டு. அறுவடை நாளில் கூலியோடு போத்தல் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவோம். வட்டாவிலிருந்து புகையிலையை எடுத்துவிடுவோம், பாக்கையும் குறைத்து விடுவோம். மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் நின்று, கண்ணாடியில் எமது வாயை நாமே பார்ப்போம். இழந்த வயலை மீட்டுப் பயிரிட எமக்கு உடம்பு வேண்டும்.