சேர்க்கைக்கு முன்பே பதில் வேண்டும்

புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ வளர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இருபது வயதில் சாபு என்னும் போதைப்பொருள் வழக்கில் சிக்குகிறாள். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அதாவது தானே உட்கொண்ட குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. தண்டனை முடிந்தாலும் வழக்கு முடிவதில்லை. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே. அலுவலகத்தின் கண்காணிப்பில் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் இருந்தாக வேண்டும். அதையும் முடித்து, போதையைத் தொடாமல், இருபத்தாறு வயதில் தாதியாகப் படிக்க வேண்டுமென்று வருகிறாள். அவள் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பேராக்கில் பயிற்றுநராக இருப்பவர்களுக்கு அவள் புதியவள் அல்ல.

அவளுக்கு நம் துறை தரும் பதில் பெரும்பாலும் மௌனம்தான். 'முடியாது' என்று யாரும் சொல்வதில்லை, 'முடியும்' என்றும் எழுதித் தருவதில்லை. 'முதலில் சேருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வாங்கி மூன்றாண்டு டிப்ளோமா முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வையும் எழுதி, பதிவுக்கு நிற்கும்போதுதான் பழைய வழக்கு மேசைக்கு வருகிறது. அங்கே தப்பினால் அரசுப் பணிக்கான பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. சிங்கப்பூருக்கோ சவூதிக்கோ போக நினைத்தால், வெளியுறவு அமைச்சு தரும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு மறுபடியும் போலீஸ் பதிவைப் புரட்டுவார்கள். கதவை அடைப்பதென்றால் முதல் நாளே அடைக்கலாம். கட்டணத்தை வாங்கிக்கொண்டு நான்காம் ஆண்டில் அடைப்பதை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டெக்சஸ் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குற்றப்பதிவோ போதைப் பழக்கத்தின் வரலாறோ உள்ள ஒருவர், படிப்பில் சேரும் முன்பே அங்குள்ள தாதியர் வாரியத்திடம் மனுச் செய்யலாம். வாரியம் ஆவணங்களைப் பார்த்துத் தகுதி உண்டா இல்லையா என்று முன்கூட்டியே ஆணை தரும். பதில் 'இல்லை' என்று வந்தாலும் அவருக்கு ஆண்டுகள் வீணாவதில்லை, கடனும் ஏறுவதில்லை. இதைச் செய்ய நம் வாரியத்துக்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒரு படிவமும், மூன்று நான்கு பேர் கொண்ட குழுவும், பதில் தரக் கெடுவும் போதும்.

பழைய குற்றம் காலப்போக்கில் மறையும் என்று மற்ற நாடுகளைக் காட்டி ஆறுதல் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் பழைய தண்டனைகளை மறைந்தவையாகக் கருதுகிறது. ஆனால் அடுத்த ஆண்டே வந்த விதிவிலக்கு ஆணை, தாதியர், மருத்துவர் போன்ற பணிகளை அந்தச் சலுகைக்கு வெளியே வைத்தது. சிங்கப்பூரில் சிறு தண்டனைகளுக்கு, ஐந்தாண்டு குற்றமின்றி இருந்தால் பதிவு மறைந்ததாகக் கொள்ளப்படும். மலேசியாவில் பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடே இல்லை. அதனால்தான், பதிவை வைத்துக்கொண்டே எடைபோடும் முறை இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எடைபோட வேண்டுமென்றால் காகிதத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரிய வேண்டும். 'உள்ளே போனவள்' என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். 1983ஆம் ஆண்டு போதைப் பித்தர் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் இரண்டாண்டு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியிருந்தால் அது சிகிச்சைக்கான உத்தரவு. 15ஆம் பிரிவில் வருவதைப் போன்ற குற்றத் தீர்ப்பு அல்ல. 18 வயதுக்குக் கீழே சிறார் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கில் 'குற்றத் தீர்ப்பு', 'தண்டனை' என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்கிறது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பே பதிவாவதில்லை. நேர்காணலில் உட்காரும் மேட்ரன்களில் எத்தனை பேர் இந்த மூன்றையும் பிரித்தறிவார்கள்?

இந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு செம்பனைக்கு மாறியபோது, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் ஒதுங்கின. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் தோட்டத்திலேயே இருந்தவை. சாபு நகரத்தில் வந்து சேர்ந்தது. தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரசருக்கும் பிள்ளைப்பேறு பார்த்த மிஸ்ஸிக்கும் இருந்த மரியாதையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, தன் மகள்களைத் தாதியராக்க ஆசைப்பட்டது. அறுபது எழுபதுகளில் பிரிட்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர்களும் அவர்களில் உண்டு. அதே ஆசை அடுத்த தலைமுறையில் ஒரு வழக்கு எண்ணோடு வந்து நிற்கிறது.

ஈப்போவின் மிகப் புகழ்பெற்ற தாதி சிறைக் கைதியாக இருந்தவர்தான். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது பாப்பானில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசுவை ஜப்பானியர் 1943இல் கைது செய்தார்கள். சித்திரவதைக்குப் பின் ஆயுள் தண்டனை விதித்து, பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1947இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. இன்று ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. ஆக்கிரமிப்பாளன் தந்த தண்டனையையும் சாபு வழக்கையும் ஒரே தட்டில் வைக்க நான் சொல்லவில்லை. அப்படி வைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. சிறைப் பதிவு என்பது தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை, எந்த நீதிமன்றம், எந்தச் செயல், அதன் பிறகு என்ன என்று கேட்டாக வேண்டும் என்ற அளவுக்கே அவரை இங்கே அழைத்தேன்.

இனி டி.டி.ஏ. அலமாரி, அதாவது அபாயகர மருந்துகளைப் பூட்டி வைக்கும் அலமாரி. இதைப் பேசாமல் இந்தத் தலையங்கத்தை எழுதினால் வார்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். மார்பின், பெத்திடின், ஃபென்டானில் வைத்த அலமாரியின் சாவி தாதியின் இடுப்பில் தொங்குகிறது. மீட்சியில் இருப்பவருக்கு அந்தச் சாவியைக் கொடுப்பதா? முதலில் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் இரண்டாண்டுகள் சாவிப் பொறுப்பு இல்லை, தனித்த இரவுப் பணி இல்லை, முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ச் சோதனை உண்டு, மேற்பார்வைக்குப் பெயர் குறித்த ஒரு சிஸ்டர் உண்டு. ஃபுளோரிடாவில் 1983 முதலே போதையில் விழுந்த தாதியரை உரிமம் பறித்துத் துரத்தாமல், இத்தகைய நிபந்தனைகளோடு சிகிச்சைக்கு அனுப்பிப் பணிக்குத் திரும்ப வைக்கும் திட்டம் நடக்கிறது. நோயாளியை அடித்தவர், நோயாளியிடம் திருடியவர் என்றால் என் பதில் வேறு. அங்கே எனக்குத் தயக்கமில்லை.

சாவி விஷயத்தில் இன்னொரு உண்மையும் உண்டு. பதிவு ஏதுமின்றிப் பணிக்கு வந்து, அலமாரியே அருகில் இருந்ததால் பழகிக்கொண்டவர்களும் நம் தொழிலில் உண்டு. அவர்களைப் பற்றி ஓய்வறையில் கிசுகிசுப்போம், பிறகு வேறு வார்டுக்கு மாற்றிவிடுவோம். வழக்கு எண்ணோடு வருபவரைக் குறைந்தபட்சம் சோதிக்கவாவது முடியும்.

'அனுபவித்தவள்தானே, நோயாளிகளை நன்றாகப் புரிந்துகொள்வாள்' என்ற வாதத்தையும் நான் வாங்கவில்லை. மெத்தடோன் சிகிச்சை 2005இல் இந்நாட்டில் தொடங்கியது. அந்தக் கவுன்ட்டரில் நிற்க, மீண்டு வந்தவர்தான் பொருத்தம் என்று அவரை நேரே அங்கே தள்ளுவது ஆபத்து. தஞ்சோங் ரம்புத்தான் பஹாகியா மருத்துவமனையின் போதை வார்டைவிட, எலும்பு முறிவு வார்டு அவருக்கு நல்ல தொடக்கமாக இருக்கலாம். எங்கே நிற்பது என்பதை அவரிடமும் கேட்கலாம்.

வாரியம் முன்தகுதி ஆணை தரும் நாள் வரை, கல்லூரிகளில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இப்படி ஒருவர் வந்தால் கட்டணம் வாங்கும் முன் அவரோடு உட்காருங்கள். குற்றச்சாட்டுத் தாள், நீதிமன்ற உத்தரவு, ஏ.ஏ.டி.கே. கண்காணிப்பு முடிந்த கடிதம் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். தகுதி பற்றிக் கேட்டு வாரியத்துக்குக் கல்லூரியின் தாளிலேயே எழுதுங்கள், நகலைத் தேதியோடு அவர் கையிலும் கொடுங்கள். பதில் வரும்வரை அவருக்கான இடத்தை அடுத்த சேர்க்கைக்குத் தள்ளி வையுங்கள்.