ஒரு மணி நேரத்தில் இரணியன் சாகமாட்டான்



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் ஓடுகிறவர்களை முன்பு போல பெஞ்சு மேல் நிற்க வைக்க முடியாது, ரிட்டயர் ஆகிவிட்டேன். இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். வெறும் கும்பிடு படமும் ரோஜாப்பூவும் இந்த முறை வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மாரியம்மன் பண்டிகைக் கமிட்டி கூடியது. கௌரவ ஆலோசகர் என்று நோட்டீஸில் என் பேரைப் போடுகிறார்கள், அதனால் போயிருந்தேன். கம்பம் நடுவது, பூவோடு, மாவிளக்கு, பொங்கல் எல்லாம் வழக்கம்போல. கடைசி ராத்திரி மட்டும் மாற்றம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அன்றைக்குக் கூத்து. இந்த வருஷம் ஆடல் பாடல்.

கூத்து வாத்தியார் வந்திருந்தார். அச்சாரம் வாங்கத்தான் வந்தார், பாவம், சேதி தெரியாது. கமிட்டித் தம்பி ஒருவர் சொன்னார்: “ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழு மணிக்கு முடிச்சுக்கங்க. அதுக்கு மேல ஆடல் பாடல்காரங்களுக்கு மேடை வேணும். உங்களுக்கு சால்வை போட்டு மரியாதை பண்ணிடறோம்.” வாத்தியார் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “ஒரு மணி நேரத்துல இரணியன் சாகமாட்டானுங்களே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரணியன் வாங்கிய வரம் உங்களுக்குத் தெரியும்: பகலிலும் சாகக்கூடாது, இரவிலும் சாகக்கூடாது. புராணத்தில் அது அந்திப்பொழுது. நம் பக்கத்துக் கூத்தில் அது விடியற்காலை. ராத்திரி பத்து மணிக்குத் திரை பிடித்து, கட்டியக்காரன் வந்து, இரணியன் கிரீடமும் புஜக்கட்டையும் குலுங்கக் கிறுகி வந்து, பிரகலாதனை மலையில் உருட்டி, தீயில் போட்டு, தாயார் லீலாவதி அழுது தீர்த்து, கடைசியில் கிழக்கு வெளுக்கிற நேரத்தில் தூண் பிளக்கும். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சிறு பையனாக அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு நான் அதைப் பார்த்திருக்கிறேன். நங்கவள்ளி நரசிம்மரைப் பிறகு எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன், ஆனால் அந்த அஞ்சு மணி நரசிம்மத்தைக் கண்ட பயம் வேறெங்கும் வந்ததில்லை. சாயங்காலம் ஆறு மணி வெயிலில், பின்னால் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தூணை எப்படிப் பிளப்பது?

“யாரும் பாக்கறதில்லைங்க சார்” என்கிறார்கள். யார் அந்த ‘யாரும்’? போன வருஷம் நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் இளவட்டம் கலைந்துபோனது வாஸ்தவம். ஆனால் பவானி ஜமுக்காளத்தை விரித்துப் பேரன் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாக இருந்தார்கள். அனல்மின் நிலையத்தில் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பைக்கில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். ஆடல் பாடலுக்கு இந்தப் பெண்களில் எத்தனை பேர் வருவார்கள்? முதல் இரண்டு பாட்டுக்கு நிற்பார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆக, பெண்கள் பார்க்கிறதை நிறுத்திவிட்டுப் பையன்கள் பார்க்கிறதை வைத்திருக்கிறோம். கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். வரி மட்டும் வீட்டுக்கு வீடு வாங்குகிறோம்.

அடுத்தது சட்டம். பத்து மணிக்கு மேல் மைக் கூடாது, போலீஸ் விடாது என்கிறார்கள். உண்மைதான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். நோயாளி இருக்கிறார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. ஆனால் அதே விதியில், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம் என்றும் இருக்கிறது. மூடிய கூடங்களுக்கு விலக்கும் இருக்கிறது. நம் ஊர் சமுதாயக் கூடம் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டோமா? மனு எழுதினோமா? ஆடல் பாடலுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால் ஊர் ஊராக வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் வரைக்கும் போகிறார்கள். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டுக் கூடாது, சாதியைத் தூண்டக் கூடாது என்று நிபந்தனை போட்டு நீதிமன்றம் அனுமதி கொடுக்கிறது. நீதிபதிகள் இதையெல்லாம் எழுதித்தர வேண்டிய நிகழ்ச்சிக்கு நாம் ஐக்கோர்ட் படி ஏறுகிறோம். கூத்துக்கு ஸ்டேஷன் வாசல்வரை போக ஆளில்லை.

பணம் இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். நான் கணக்கு வாத்தியார், கமிட்டி நோட்டு என் கையில் இருக்கிறது. இந்த வருஷம் ஆடல் பாடலுக்கும் அதன் லைட்டு செட்டு, பாக்ஸ் ஸ்பீக்கருக்கும் எழுதியிருக்கிற தொகையில் மூன்று ராத்திரி கூத்து வைக்கலாம். கூத்துச் செட்டில் வேடக்காரர்கள், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் என்று பத்துப் பன்னிரண்டு பேர். எட்டு மணி நேரம். அதற்கு முன் அரிதாரம் பூச இரண்டு மணி நேரம், முடிந்தபின் கலைக்க ஒரு மணி நேரம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு என்ன வரும் என்று. காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு இவர்களில் பாதிப் பேர் தறிக்குப் போகிறார்கள், மீதிப் பேர் நூறு நாள் வேலைக்கு. கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருஷமும் சீசனில் பெரும்பகுதி போனது. அப்போது நம்மில் எத்தனை பேர் அவர்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தோம்? நான் போகவில்லை. பென்ஷன் மட்டும் மாதாமாதம் சரியாக வந்துகொண்டிருந்தது.

கூத்தில் கொச்சை இல்லையா என்று என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான். இருக்கிறது தம்பி. கோமாளி பேச்சுக்கு நானே காதைப் பொத்தியிருக்கிறேன். சில ராத்திரி வேடக்காரர்கள் குடித்துவிட்டு வந்ததும் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோமாளி பஞ்சாயத்துத் தலைவரை மேடையில் வைத்துக் கேட்கிறான், ரேஷன் கடை எடையைக் கேட்கிறான், வட்டிக்கு விடுகிறவனைக் கேட்கிறான். ஒருமுறை, மார்க் போடாத கணக்கு வாத்தியார் என்று என்னையும் இழுத்தான். ஊர் சிரித்தது. ஆடல் பாடல் மேடையில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை வருமா? அதே பாட்டு, அதே ஆட்டம், நேற்று மேச்சேரி, இன்று இங்கே, நாளை ஓமலூர். பென்னாகரம் போனாலும் எடப்பாடி போனாலும் அதேதான்.

என் அப்பா இறந்து கருமாதி அன்றைக்கு ராத்திரி கர்ண மோட்சம் வைத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம், படித்த திமிர். செலவு எதற்கு என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டேன். பெரியவங்க ஆசை என்று வைத்தார்கள். பதினைந்து நாளாக அம்மா அழவே இல்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். போருக்குப் போகிற கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்புத் தெரியாதவன் என்று அத்தனை நாள் அவனை ஏசியவள், அன்றைக்குப் போகவேண்டாம் என்று வழிமறிக்கிறாள். பொன்னுருவி வேடம் கட்டியவர் மீசையை மழித்த ஐம்பது வயது ஆள். அவர் தலைவிரித்து அழுதபோது எங்கம்மா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அழ ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. மிருதங்கக்காரர் அடியை மட்டும் குறைத்தார். அம்மா அழுது முடிக்கிறவரைக்கும் அந்தப் பொன்னுருவி பாட்டை நீட்டிக்கொண்டே போனார். எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. கமிட்டித் தம்பி ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் அதற்கு இடம் இருந்திருக்காது.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தது.

கமிட்டிக்கு வந்த கூத்து வாத்தியார் என் பழைய மாணவர். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், தலை நரைத்த ஆள். எட்டாவது படிக்கும்போது அப்பாவின் செட்டில் பிரகலாதன் வேடம் போடுவார். ராத்திரியெல்லாம் ஆடிவிட்டு முதல் பீரியட் கணக்கு வகுப்பில் தூங்கிவிழுவார். ஒருநாள் எழுப்பி நிறுத்தினேன். காதோரம் அரிதாரம் சரியாகக் கழுவாமல் சிவப்பாக இருந்தது. “கூத்தாடிப் பயலுக்குக் கணக்கு எதுக்கு” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. இரண்டு மாதம் கழித்து அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் அன்றைக்கு ஆறு மணி நேர வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடமாக வைத்திருந்த பையன். பதினாறாம் வாய்ப்பாட்டுக்குத் தடுமாறும் வகுப்பில் அதைவிடப் பெரிய மூளை எனக்குக் கிடைக்கவில்லை. அப்போது தெரியவில்லை.

‘கூத்தாடி’ என்பதை நாம் இன்னும் வசவாகத்தான் வைத்திருக்கிறோம். சினிமா நடிகர் கட்சி ஆரம்பித்தால் ‘கூத்தாடி நாடாளலாமா’ என்று எழுதுகிறீர்கள். நடிகருக்கு அதனால் ஒன்றும் குறையாது. ராத்திரி முழுக்க ஆடிவிட்டுக் காலையில் தறிக்குப் போகிறவனுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் நின்று படம் எடுத்துப் போடுகிறோம், சினிமா வளர்ந்த ஜில்லா என்று பெருமைப்படுகிறோம். அந்த சினிமாவுக்குப் பாட்டும் ஆட்டமும் அடவும் எங்கிருந்து போயின?

1934இல் அணை கட்டி முடிந்தது, அதன் பின்னால் ஆலை வந்தது, கெமிக்கல் வந்தது, அலுமினியம் வந்தது, அனல்மின் நிலையம் வந்தது. குவார்ட்டர்ஸில் குடியேறிய நாம் கூத்தைக் காட்டுப்புறத்துச் சமாசாரம் என்று நினைத்தோம். இதில் முதல் குற்றவாளி படித்த வர்க்கம். அதிலும் முதல் வரிசை, வாத்தியார்கள்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். நலவாரியம் இருக்கிறது, சென்னை சங்கமம் நடக்கிறது, பள்ளிகளில் கலைத் திருவிழா வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் எட்டு மணி நேரக் கலையை எட்டு நிமிஷமாக்கி, தலைவர் வரும் வழியில் வேடத்தோடு நிறுத்திவைத்து ஆடச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கர்நாடகத்தில் மங்களூர் பக்கம் கட்டீல் துர்கா பரமேஸ்வரி கோயில் தானே யட்சகான மேளங்களை நடத்துகிறது. பக்தர்கள் வேண்டுதலாக ஒரு ராத்திரி ஆட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கேரளத்தில் கதகளி தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் கவிஞர் வள்ளத்தோள் லாட்டரி நடத்திப் பணம் சேர்த்து 1930இல் கலாமண்டலம் தொடங்கினார். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நம் தாலுகாவிலேயே ஏர்வாடியில் ‘மணல்வீடு’ பத்திரிகை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், ‘களரி’ வழியாகக் கூத்துக் கலைஞர்களுக்கும் பொம்மலாட்டக் கலைஞர்களுக்கும் பல வருஷமாக மேடை கொடுத்துவருகிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நீர்மட்டம் இறங்கி பண்ணவாடியில் முழுகிப்போன நந்தி தலைகாட்டினால் மட்டும் கார் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

சரி, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வரும் ஞாயிறு கமிட்டி மறுபடி கூடுகிறது. ஆடல் பாடலை நிறுத்தச் சொல்லமாட்டேன், பையன்களுக்கும் பண்டிகைதான். அதை முந்தின நாளுக்கு மாற்றுங்கள், கடைசி ராத்திரியைக் கூத்துக்கு விடுங்கள் என்று கேட்பேன். பத்து மணி வரை கோயில் திடலில், அதற்குமேல் சமுதாயக் கூடத்துக்குள், விடிகிறவரை. அனுமதி மனுவை நானே எழுதிவிட்டேன். செட்டுக்கு ஆகிற முழுத் தொகையும் என் இந்த மாதப் பென்ஷன். கமிட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் நோட்டீஸிலிருந்து என் பேரை எடுத்துவிடச் சொல்வேன், கூத்து எங்கள் வீட்டுக் களத்தில் பகலிலாவது நடக்கும்.

பெங்களூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற நீங்கள் கமிட்டிக்காரர்களுக்கு ஆளுக்கொரு போன் போடுங்கள். வரி அனுப்பும்போது ‘கூத்துக்கு’ என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் அம்மாவிடம் எது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போன் போட்டால் இன்னும் நல்லது.

நேற்று வாத்தியார் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கில் வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தேன். பழையதைப் பற்றி நான் ஆரம்பித்ததும், “அதெல்லாம் விடுங்க சார், பெட்டிய எறக்கி வெயில்ல வெக்கணும், கிரீடத்துல கண்ணாடி பேந்து கெடக்குது” என்று எழுந்துவிட்டார். கண்ணாடிச் சில்லு, ஜிகினா வாங்கித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். சேலம் கடைவீதிப் பக்கம் யார் போகிறீர்களோ, எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.